இறப்பரும் அரிசியும் வல்லரசுகளும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம். எரிபொருள் இன்மையால் கொழும்புப் பாடசாலைகள் மூடப்படுவதற்குச் சில நாள்கள் முன்னர் ஒரு காலைப் பொழுது. காலி வீதியில் வெள்ளவத்தையைக் கடந்தும் பெற்றோல் வரிசை நீண்டு கிடந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் மக்கள் வெற்று எரிவாயுச் சிலிண்டர்களைச் சங்கிலியிற் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு, அவற்றுக்குக் காவலாக இரவெல்லாம் விழித்திருந்தனர். அன்று வரலாற்றாசிரியர் வரவில்லை. தமிழ் கற்பிக்கும் நான் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சென்றிருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான்:

"சேர், கப்பல் வெளியிலே நிற்கிறதாம். காசைக் கொடுத்தால்தான் எண்ணெயை இறக்குவார்களாம். அமெரிக்கா, சீனா, இந்தியா எல்லாம் எங்களுக்கு நண்பர்கள் என்று சொல்லுகிறார்களே; பிறகு ஏன் இப்படி?"

எளிய கேள்விதான், ஆனால் அன்று என்னால் விடை கூற முடியவில்லை. விடை தேடிச் சென்றபோது, இந்த நகரத்திலேயே நடந்த வேறொரு பஞ்ச காலத்தின் கதையை வந்தடைந்தேன். அது 1952ஆம் ஆண்டின் கதை. வல்லரசுகளின் போட்டிக்கு நடுவே ஒரு சிறு நாடு எவ்வாறு தன் சோற்றைத் தேடிக்கொண்டது, அந்தச் சோற்றின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை அது நமக்குக் கூறுகின்றது. அந்தக் கதையையும் அதன் தொடர்ச்சியையும் இங்கே சொல்ல முனைகின்றேன்.

1950 ஜூன் 25இல் கொரியப் போர் மூண்டது. போருக்குத் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கியைச் சுமக்கும் வண்டிக்குச் சக்கரம் வேண்டும். சக்கரத்துக்கு இறப்பர் வேண்டும். ஆகவே இறப்பரின் விலை விண்ணை நோக்கி ஏறிற்று. களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பால் வெட்டிய கைகளின் உழைப்பு, அந்நியச் செலாவணியாக நாட்டுக்குள் வந்து குவிந்தது. ஆனால் இந்தச் செழிப்பு நீடிக்கவில்லை. அமெரிக்கா தன் களஞ்சியங்களை நிரப்பிக்கொண்டது. செயற்கை இறப்பர் உற்பத்தியையும் பெருக்கிக்கொண்டது. வாங்குபவன் தயங்கியதும் விலை வீழ்ந்தது. 1951இன் பிற்பகுதியில் தொடங்கிய இறக்கம் 1952இல் இறப்பர்த் தோட்டங்களையும் சிறு நிலக்காரரையும் நெருக்கியது.

இதே காலத்தில் அரிசியின் கதை நேர்மாறாக இருந்தது. நாம் உண்ணும் அரிசியில் பெரும் பகுதி பர்மா முதலிய அயல் நாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. போர்க் காலத் தட்டுப்பாட்டினால் அதன் விலை ஏறிக்கொண்டே போயிற்று. விற்கும் பொருளின் விலை இறங்கிற்று; வாங்கும் பொருளின் விலை ஏறிற்று. குடியேற்ற ஆட்சி விட்டுச் சென்ற தோட்டப் பொருளாதாரத்தின் சாபக்கேடு இதுவே. ஒன்றிரண்டு பொருள்களை உலகச் சந்தைக்கு அனுப்பி, உண்பதற்கு வேண்டியதை அந்தச் சந்தையிலேயே வாங்கும் நாடு, இரு முனைகளிலும் பிறர் கூறும் விலைக்குத் தலைவணங்கவேண்டியதுதான்.

அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் யார் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். 1952 மார்ச் 22இல் டி. எஸ். சேனநாயக்க மறைந்தார், அவருடைய மைந்தர் டட்லி சேனநாயக்க பிரதமரானார். மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெரும் வெற்றி பெற்றது. பொதுவுடைமையின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் கட்சி அது. அதன் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தன 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், பகை பகையால் தணியாது என்னும் புத்தரின் போதனையை எடுத்துக்காட்டி, ஜப்பானுக்கு மன்னிப்பு வழங்குமாறு வாதாடியவர்; அமெரிக்கா முன்வைத்த சமாதான உடன்படிக்கையை ஆதரித்தவர். அரசியல் எதிரிகள் அவரை 'யாங்கி டிக்கி' என்றே கேலி செய்தனர். இத்தகைய அரசாங்கம் முதலில் வாஷிங்டனின் கதவையே தட்டிற்று என்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கதவு தாராளமாகத் திறக்கவில்லை. சந்தை விலைக்கு மேல் இறப்பர் வாங்க அமெரிக்கா இசையவில்லை. அரிசியை மலிவாகத் தரவும் அது முன்வரவில்லை.

சீனாவின் நிலை வேறு. கொரியாவில் ஐக்கிய நாடுகள் கொடியின் கீழ் நின்ற படைகளோடு சீனர் போரிட்டுக்கொண்டிருந்தனர். 1951 மே 18இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் போருக்குரிய பொருள்களை அனுப்பக் கூடாது என்று தீர்மானித்தது. மலாயாவின் இறப்பர் சீனாவுக்குச் செல்லாதவாறு பிரித்தானியா தடுத்தது. சீனாவிடம் கொடுப்பதற்கு அரிசி இருந்தது. ஆனால் இறப்பர் விற்க ஆளில்லை. இலங்கையிடம் இறப்பர் இருந்தது, அரிசி இல்லை. இரு தேவைகளும் ஒன்றையொன்று நோக்கி நின்றன.

இங்கே சரித்திரத்தின் விளையாட்டொன்றைக் காணலாம். அந்தத் தீர்மானம் இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. ஏனெனில் இலங்கை அன்று ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை. பிரித்தானியத் தளங்களைத் தன் மண்ணில் வைத்திருக்கும் நாடு மெய்யான சுதந்திர நாடு அன்று என்று வாதிட்டுச் சோவியத் யூனியன் தனது இரத்து அதிகாரத்தால் நமது விண்ணப்பத்தைத் தடுத்திருந்தது. 1955 டிசம்பரிலேயே நமக்கு அங்கே இடம் கிடைத்தது. மொஸ்கோ அடைத்த கதவு, பீக்கிங் செல்லும் பாதையைத் திறந்துவிட்டது எனலாம்.

எனினும் வேறொரு சட்டம் குறுக்கே நின்றது. 1951 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தை இயற்றிற்று. அலபாமாவைச் சேர்ந்த லோரி பேட்டில் என்னும் பிரதிநிதியின் பெயரால் அது 'பேட்டில் சட்டம்' என வழங்கலாயிற்று. பொதுவுடைமை நாடுகளுக்குப் போர்முறை முக்கியத்துவம் வாய்ந்த பொருள்களை விற்கும் எந்த நாட்டுக்கும் அமெரிக்க உதவி கிடையாது என்பதே அதன் சாரம். கவனியுங்கள்: இது அமெரிக்கா தன் குடிமக்களுக்கு இயற்றிய சட்டம். ஆனால் அதன் கை, அமெரிக்கத் தேர்தலில் வாக்களிக்காத, அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காட முடியாத தொலைநாட்டு உழவனின் உலைப்பானை வரை நீண்டது. ஒரு வல்லரசின் உள்நாட்டுச் சட்டம் பிற நாடுகளின் வணிக விதியாக மாறிவிடும் இந்த முறை அன்று புதிது. இன்று நமக்குப் பழகிப்போனது.

பசி, கொள்கையை வென்றது. வணிக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்க சீனாவோடு வியாபாரம் செய்தே தீரவேண்டும் என்று நின்றார். 1952 அக்டோபரில் முதல் உடன்பாடு ஏற்பட்டது. டிசம்பர் 18இல் பீக்கிங் நகரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் இறப்பர் அனுப்புவது, சீனா 270,000 தொன் அரிசி அனுப்புவது என்பது ஏற்பாடு. நமது இறப்பர் விளைச்சலில் ஏறக்குறையப் பாதி இவ்வாறு ஒரே நாட்டுக்குப் போயிற்று. சிங்கப்பூர்ச் சந்தை விலையிலும் கூடிய விலையைச் சீனா இறப்பருக்குக் கொடுத்தது. அரிசியை அன்றைய உலக விலையிலும் குறைவாகத் தந்தது. அப்போது இரு நாடுகளுக்குமிடையே தூதரகங்கள்கூட இல்லை. 1950 ஜனவரியிலேயே மக்கள் சீனத்தை இலங்கை அங்கீகரித்திருந்தபோதிலும், இராசதந்திர உறவு 1957 பெப்ரவரியில்தான் ஏற்பட்டது.

அமெரிக்காவின் சினம் உடனே வெளிப்பட்டது. 1950இல் கைச்சாத்திட்ட தொழில்நுட்ப உதவி ஏற்பாடு பயனற்றுப் போயிற்று. 1956 வரையில் பொருளாதார உதவி கிடைக்கவில்லை. இறப்பர் மரத்தின் இலைநோய்க்குத் தூவும் கந்தகத்தை அமெரிக்காவிலிருந்து பெறுவதும் தடைப்பட்டது. மரத்துக்கு மருந்தில்லாமற் செய்வதன் மூலம் மனிதனுக்குப் புத்தி புகட்ட முயன்றனர் போலும்!

ஆனால் ஒப்பந்தம் நிலைத்தது. ஐந்தாண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டு, முப்பது ஆண்டு காலம், 1982 வரையில் அது வாழ்ந்தது. அமெரிக்க நண்பர்களின் ஆட்சியும், அவர்களை எதிர்த்தோரின் ஆட்சியும் மாறி மாறி வந்தன. எவரும் அதனைக் கைவிடவில்லை.

இவ்வளவில் கதையை நிறுத்திவிட்டால், பெரிய அண்ணனுக்கு அஞ்சாத சிறிய தம்பியின் வீரக் கதையாக இது முடிந்துவிடும். மேடைகளிலும் ஆண்டு நிறைவு விழாக்களிலும் அப்படித்தான் முடிக்கின்றார்கள். ஆனால் சரித்திரம் விழா மண்டபத்தில் முடிவதில்லை. மூன்று உண்மைகளை நாம் மறைக்காமற் கூறியாக வேண்டும்.

முதலாவது: சீனா நமக்குத் தருமம் செய்யவில்லை. முற்றுகையிடப்பட்ட நாடு, கிடைக்காத பொருளுக்கு மிகை விலை கொடுத்தது, அவ்வளவே. அந்நாட்டுக்கு வேறு வழிகள் திறக்கத் தொடங்கியதும், 1957இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது, அந்த மிகை விலை மறைந்துபோயிற்று. அதற்கு ஈடாக, இறப்பர் மீள்நடுகைக்கென ஐந்தாண்டுகளில் 7 கோடியே 50 இலட்சம் ரூபா உதவி வழங்கச் சீனா உடன்பட்டது. அதுவும் நன்றே. ஆனால் ஒரு நாட்டின் தேவையை அதன் அன்பென்று நாம் மயங்கலாகாது.

இரண்டாவது: வெளியிலிருந்து மலிவாக வந்த அரிசி, உள்நாட்டு ஏழைக்கு மலிவாகக் கிடைத்தாக வேண்டும் என்ற நியதி இல்லை. ஒப்பந்தம் கைச்சாத்தாகி எட்டு மாதங்கள்கூட நிறையவில்லை. செலவைக் குறையுங்கள், உணவு மானியத்தை வெட்டுங்கள் என்னும் ஆலோசனை, உலக வங்கியின் குழு உள்ளிட்ட நிபுணர்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது. 1953 ஜூலையில் கூப்பன் அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கிய இலவச நண்பகல் உணவு நிறுத்தப்பட்டது. புகைவண்டிக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. ஓகஸ்ட் 12இல் இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று நாடு முழுவதும் ஹர்த்தால் வெடித்தது. மந்திரி சபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடிற்று! கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியும், 1933இலேயே வேலைநிறுத்தம் கண்ட வெள்ளவத்தை நெசவாலையின் தொழிலாளியும் வாழ்ந்த நகரை விட்டு, அவர்களுடைய மந்திரிகள் அந்நியக் கப்பலிற் புகலிடம் தேடினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அமெரிக்காவின் மிரட்டலை மீறிய பிரதமர், தன் சொந்த மக்களின் பசியின் முன் நிற்க முடியாமற் போனார்.

மூன்றாவது உண்மை நமக்கு மிக நெருங்கியது. அந்த 50,000 தொன் இறப்பருக்குப் பால் வெட்டியவர்கள் யார்? சிங்களச் சிறு நிலக்காரரும் தொழிலாளரும் அவர்களுள் உண்டு. ஆனால் தோட்டங்களில் பெருந்தொகையாக உழைத்தவர்கள் இந்திய வம்சாவளித் தமிழ் மக்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. 1947 பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகளை அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் வாக்குச் சாவடியின் படியை மிதிக்க இயலாதவராயினர். அவ்வாண்டில் அவர்களுடைய தலைவர்கள் நடத்திய சத்தியாக்கிரகமும் அந்த நிலையை மாற்றவில்லை. அவர்கள் கை வெட்டிய பால் நாட்டுக்குச் சோறு கொண்டுவந்தது. அந்தக் கை வாக்குச்சீட்டைத் தொடக்கூடாது என்று நாடு சொல்லிற்று.

ஒப்பந்தத்தின் நாயகரான ஆர். ஜி. சேனநாயக்கவையே பாருங்கள். 1956 தேர்தலில் அவர் களனி, தம்பதெனிய என்னும் இரு தொகுதிகளிலும் போட்டியிட்டு இரண்டிலும் வென்றார். களனியில் அவரிடம் தோற்றவர் ஜே. ஆர். ஜயவர்த்தன. அவ்வாறு வென்றவர், தனிச் சிங்களம் என்ற முழக்கத்தின் முன்னணியில் நின்றவருமாவார். அமெரிக்காவின் முன் நிமிர்ந்த தலை, தன் நாட்டுச் சிறுபான்மையின் உரிமையை மதிக்கும் தலையாகவும் இருக்க வேண்டுமென்பதில்லை. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற ஒரே அளவுகோலால் மனிதரை அளக்கும் நம் நண்பர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி, கதையின் இரண்டாம் பாகத்துக்கு வருவோம். டட்லிக்குப் பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவல அமெரிக்காவின் மனங்குளிர நடந்தார். 1954இல் இந்தோசீனாவில் சிக்கித் தவித்த பிரெஞ்சுக்காரருக்குப் படைவீரரைச் சுமந்து சென்ற அமெரிக்க விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்கிச் செல்ல அனுமதி பெற்றன. இந்தியாவோ தன் வான்வழியை மறுத்திருந்தது. 1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தபின் காற்று திசை மாறிற்று. 1957இல் திருகோணமலையும் கட்டுநாயக்காவும் பிரித்தானியரிடமிருந்து மீண்டன.

1961இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. சோவியத் யூனியன் முதலிய நாடுகளிலிருந்து மலிவாக எண்ணெய் கிடைத்தது. ஆனால் அதனை விற்கக் கடையும் களஞ்சியமும் வேண்டுமே. அவை ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளின் கையில் இருந்தன. 1962 ஏப்ரலில் அவற்றின் உடைமைகளில் ஒரு பகுதியை அரசு சுவீகரித்தது. ரி. பி. இலங்கரத்ன அதற்குப் பொறுப்பான மந்திரி. அதே ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவில் மற்றொரு சட்டம் பிறந்தது. அயோவா செனட்டர் ஹிக்கன்லூப்பரின் பெயர் பெற்ற அந்தத் திருத்தம், அமெரிக்கரின் சொத்தைக் கைக்கொண்டு ஆறு மாதத்துள் தக்க நட்டஈட்டுக்கு வழி செய்யாத நாட்டுக்கு உதவியை நிறுத்துமாறு ஜனாதிபதியைக் கட்டாயப்படுத்திற்று. 1963 பெப்ரவரியில் உலகிலேயே முதன்முதலாக அச்சட்டம் பாய்ந்த நாடு இலங்கை. மிகச் சிறிய நாட்டின் சில எண்ணெய்க் கடைகளுக்காக இவ்வளவு பெரிய ஆயுதம் எதற்கு என்று கேட்கலாம். அடி இலங்கைக்கு; பாடம் பிறருக்கு. எண்ணெய்க் கிணறுகளையும் செப்புச் சுரங்கங்களையும் உடைய பெரிய நாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன அல்லவா?

முடிவு என்ன? 1964 ஜனவரியிலிருந்து எண்ணெய் இறக்குமதியும் விநியோகமும் முற்றாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தன. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்க மீண்டும் பிரதமரானார். ஜூன் மாதத்தில் மூன்று கம்பெனிகளுக்குமாக 5 கோடியே 50 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்க உடன்பாடு ஏற்பட்டது. அமெரிக்க உதவி திரும்பிற்று. 1952இல் வாஷிங்டனின் சொல்லை மீறிய அதே டட்லிதான் 1965இல் வாஷிங்டனோடு கணக்கைத் தீர்த்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கடைகள் கம்பெனிகளுக்குத் திரும்பவில்லை. அமெரிக்கா பணத்தை வாங்கிற்று. நாடு தன் எண்ணெய் வணிகத்தை வைத்துக்கொண்டது. அதுவும் ஒரு பேரமே.

இந்த இரண்டாம் பேரம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1964 ஒக்டோபர் 30இல், வேறொரு ஒப்பந்தமும் கைச்சாத்தாகியது. சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட அந்த ஏற்பாட்டின்படி, தோட்டத் தமிழருள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. இறப்பரையும் அரிசியையும் தொன் கணக்கிற் பங்கிட்டது போல மனிதரைத் தலைக் கணக்கிற் பங்கிட்டார்கள். அணிசேராமையின் பெயரால் உலக மேடையிற் போற்றப்பட்ட இரண்டு நாடுகள் இதனைச் செய்தன. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் பெறுவது என்ன?

வல்லரசுகளின் போட்டி சிறு நாட்டுக்கு ஆபத்து மட்டுமன்று. அதில் ஓர் இடைவெளியும் உண்டு. ஒருவன் வாங்க மறுப்பதை மற்றவன் வாங்குவான். 1952இல் அந்த இடைவெளியை இலங்கை கண்டது. ஆனால் அதனைக் காணும் கண்ணை ஆட்சியாளருக்குத் தந்தது கொள்கை அன்று. கூப்பன் புத்தகத்தைக் கையில் ஏந்தி நின்ற மக்களின் பசியும், அந்தப் பசி என்ன செய்யும் என்ற அச்சமுமே. 1953 ஓகஸ்ட் அந்த அச்சம் வீணன்று என்பதைக் காட்டிற்று. மக்கள் விழித்திருக்கும் வரையில்தான் மந்திரிகள் பிற நாட்டார் முன் நிமிர்ந்து பேசுவர்.

இன்று களம் மாறிவிட்டது. கையாளும் முறை மாறவில்லை. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பெனிக்குப் போயிற்று. 48 கோடி டொலர் கொண்ட அமெரிக்க மிலேனியம் உதவி பற்றி நாடு இரண்டாகப் பிரிந்து வாதாடிற்று. 2020 டிசம்பரில் அமெரிக்கா அதனைக் கைவிட்டது. 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனை நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. 2025 ஏப்ரலில் நமது ஏற்றுமதிகள் மீது அமெரிக்கா 44 சதவீத வரியை அறிவித்து, பேச்சுவார்த்தைகளின் பின் ஓகஸ்டில் 20 சதவீதமாக்கிற்று. அன்று இறப்பர்; இன்று ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் தையல். பொருள் வேறு, உழைப்பவரின் நிலை ஒன்றே.

அந்த மாணவனுக்கு நான் பின்னர் கூறிய விடை இதுதான்: "தம்பி, நாடுகளுக்கு நண்பர்கள் இல்லை, தேவைகள் உண்டு. பிறருடைய தேவை எது என்று அறிந்தவன் பேரம் பேசலாம். ஆனால் பேரத்தில் கிடைத்த அரிசி எல்லார் வீட்டுப் பானையிலும் வேக வேண்டும். இறப்பர் வெட்டியவனுக்கும் இந்த நாட்டில் ஒரு பெயரும் ஒரு வாக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால், கப்பல் வந்தாலும் நம்மிற் பாதிப் பேர் வரிசையிலேயே நிற்போம்."

அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு, "அப்படியென்றால் சேர், கப்பலைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வரிசையைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும்" என்றான்.

நான் பாடப் புத்தகத்தை மூடினேன். அன்றைய பாடத்தை அவனே முடித்துவிட்டான்.